மாப்பிள்ளை பெயரில் ஒரு மெத்தட்

எங்கள் முதலாளி கந்தப்பன் நாமக்கல்லில், கம்பெனியிலிருந்து வரும் வெறும் சேஸி மேல் லாரிக்கு பாடி கட்டுகிறவர். பட்டறை மாடியில் ஏசி போட்டு, கோழிப்பண்ணைகளுக்கு சாஃப்ட்வேர் செய்ய ஐந்து பேரை உட்கார வைத்திருக்கிறார். எல்லோரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் லைப்ரரி ஒன்றில், நமக்கு வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு புரோகிராமாக மெத்தட்களையும் சேர்க்கலாம் என்று நான் விளக்கியபோது அவருக்கு நொடியில் புரிந்துவிட்டது.

“சேஸி கம்பெனியுது, பாடி நம்முளுது. அவ்வளவுதானே அம்மிணி?”

புரிந்ததுதான் வினை. லாரி நெற்றியில் பிள்ளைகள் பெயர் எழுதுவதுபோல் மெத்தட்களுக்கும் வீட்டார் பெயரையே வைக்கச் சொன்னார். உடைந்த முட்டையைக் கழித்து, மீதியைத் தட்டு தட்டாகப் பிரிக்கும் மெத்தடுக்கு மூத்த மாப்பிள்ளை மோகன்குமாரின் பெயர். எழுதியது நான். சத்யபிரியா என்ற என் பெயர் எந்த ஃபைலிலும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை வந்ததும் வராததுமாக, “மோகன்குமாரை எடுத்துப் போடு சாமி” என்றார். மாப்பிள்ளை தன் புது லாரியை பாடி கட்ட எதிர்ப் பட்டறையில் விட்டுவிட்டாராம்.

எடுத்தேன். நாங்கள் புரோகிராம் எழுதும் டைப்ஸ்கிரிப்ட், கல்யாண வாசலில் பட்டியலோடு நிற்கிற ஆள் மாதிரி. பட்டியலில் இல்லாத பெயரை உள்ளே விடாது. அந்தப் பெயர் வருகிற இருநூற்றுப் பதினான்கு இடங்களில் சிவப்புக் கோடு விழுந்தது. மோகன்குமார் என்று எதுவும் இல்லையாம்.

“நல்லாத்தான் சொல்லுது” என்றார் முதலாளி.

“வேற பேர் சொல்லுங்க. ஒரே நிமிசத்துல எல்லா இடத்துலயும் மாத்திர்றேனுங்க.”

மறுநாள் ராசிபுரத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். இது ஓடினால்தான் லீவு.

மாற்ற ஒரு நிமிடம். பெயர் சொல்ல அவருக்கு ஆறு மணி நேரம் போதவில்லை. தம்பி மகன் பெயரை வைத்தால் அக்கா மகன் கோபித்துக்கொள்வான். சின்ன மாப்பிள்ளை பெயரை வைத்தால் பெரிய மகள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். நாலு மணிக்கு அவர் மனைவி சௌந்திரம் போன் செய்து, கணவர் பெயரை எடுத்துவிட்டதற்குப் பெரிய மகள் அழுகிறாள் என்றார். எனக்கும் அழுகைதான் வந்தது. ஊருக்குக் கிளம்பச் சொல்லி என் அம்மா ஏழு தடவை போனில் கூப்பிட்டுவிட்டாள்.

“செய்யற வேலையவே பேரா வெச்சரலாமுங்க.”

“ஊட்டு ஆளு பேரில்லாம ஒரு வண்டி ரோட்டுக்குப் போவுமா?”

எடுத்ததைத் திரும்ப வைத்து, பெயரை மட்டும் ‘மாப்பிள்ளை’ என்று மாற்றினேன். சிவப்பெல்லாம் மறைந்தது.

“எந்த மாப்பிள்ளைன்னு போடலீங்க. யாரு வந்தாலும் போனாலும் இதைத் தொட வேண்டியதில்லைங்க.”

கந்தப்பன் முகம் மலர்ந்தது. உடனே மோகன்குமாரைக் கூப்பிட்டு, “ஆபீஸ்ல எல்லாம் உங்க பேர்லதான் ஓடுதுங்க மாப்ள” என்றார். அதையே சின்ன மாப்பிள்ளையிடமும் சொன்னார். பிறகு என் லீவு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நல்லா இரு சாமி. உன்ற மாப்பிள்ளை பேரையும் ஒண்ணுக்கு வெச்சுக்க.”

“இப்ப வேண்டாமுங்க. ரெண்டு வருசம் ஓட்டிப் பாத்துட்டு வெச்சுக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.