புதன்கிழமை வரும் தையல்காரம்மா

குழந்தை பிறந்ததிலிருந்து என் மருமகளுக்குப் பேச்சே குறைந்துபோயிற்று. குழந்தை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், மறுபடி சுவரைப் பார்ப்பாள். டாக்டர் மாத்திரையோடு ஓர் ஆளையும் அனுப்பிவைத்தார். தையல் கடை வைத்திருக்கும் அம்மா. அவரும் பிள்ளை பெற்ற கையோடு இதே இருட்டில் விழுந்து எழுந்தவராம். புதன்தோறும் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் அவளோடு பேசிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

யாரோடு பேசினார் என்பதுதான் கூத்து.

முதல் புதன், என் மனைவி நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டாள். தன் மூன்று பிரசவங்களையும் விஸ்தாரமாகச் சொன்னாள். மூன்றாவது முடிவதற்குள் தையல்காரம்மாவுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அடுத்த வாரம் என் தங்கை முட்டிவலியோடு வந்தாள். அதற்கடுத்து மாடிவீட்டுக்காரி, புருஷனைப் பற்றிய புகார்களோடு. நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். அப்படியொரு கூட்டத்தை என் வண்டியில் ஏற்றியதே இல்லை. ஜன்னல் கம்பியில் நாலு பேர் தொங்கினார்கள். இத்தனை பேருக்கும் டீ போட மருமகளைத்தான் எழுப்பினார்கள்.

சமையலறையில் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, அந்த அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு தனியா கேக்கணும்."

"என்கிட்ட கேளேன்."

"நீங்க புள்ள பெத்திருக்கீங்களா?"

"போன மாசம் வயித்துவலியில பாதி பெத்துட்டேனே!"

அவள் முகம் அசையவே இல்லை.

அடுத்த புதன், எல்லோரும் உட்கார்ந்ததும் ஓடிவந்து கத்தினேன்: "டேங்க் வழிஞ்சு மொட்டைமாடி கடலாயிடுச்சு! காயப்போட்ட துணியெல்லாம் கப்பல் மாதிரி போகுது!"

பெண்கள் படியேறிப் பறந்தார்கள். நான் மருமகளையும் தையல்காரம்மாவையும் உள்ளே விட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டது.

"இவனைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருக்கு. உங்களுக்கும் அப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ரொம்ப நாள் இருந்துச்சு."

அப்புறம் ஓர் அழுகை. அதை என்னாலும் பெரிதாக்கிச் சொல்ல முடியாது, அவ்வளவு சின்னது.

திரும்பினால், என் மனைவி பின்னால் நிற்கிறாள். கால் நனையவில்லை. காது மட்டும் நிரம்பியிருந்தது.

மாலை வேலையிலிருந்து வந்ததுமே மகனுக்கு விஷயம் போயிற்று. அவன் தையல்காரம்மாவுக்குப் போன் போட்டான். "இனிமே வராதீங்க. பெத்த புள்ளயவே வேண்டாம்னு சொல்ல வெக்கிறீங்களே!"

"டேய், அந்த ஒருத்தர்கிட்டதான்டா அவ வாயத் தொறந்தா," என்றேன். "இதையும் அடைச்சீங்கன்னா அவ உள்ளுக்குள்ளயே செத்துடுவா."

"அப்பா, நீங்க சொல்றத எப்பவும் பத்தால வகுக்கணும்."

"நூறால வகுடா," என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள்.

மகன் மருமகள் பக்கம் திரும்பினான். "நீ நல்லாத்தானே இருக்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அவன் கையில் அணைந்திருந்த போனைப் பார்த்தாள். பிறகு பல் தெரியச் சிரித்து, "நல்லா இருக்கேங்க," என்றாள்.

என் மனைவி அந்த நிமிஷமே மாடிவீட்டுக்காரியைக் கூப்பிட்டு, மருமகளுக்குக் குணமாகிவிட்டது என்று அறிவித்தாள். தன் கவனிப்பால்தானாம்.