கவலைப் பெட்டி

பெட்டியின் மூடியைப் பெயர்க்க மரியகுழந்தை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது விறகு பிளக்கிற கத்தி. ஜெபவீட்டில் ஆள் இல்லை. புதுவருஷக் காலை ஆராதனையை உபதேசியார் சாயந்திரத்துக்குத் தள்ளிவைத்திருந்தார். சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற லைனில் சாவு விழுந்திருந்தது. விழுந்தது அவள் வீட்டில்தான். நாலு தட்டி வீடு தள்ளி அவள் புருஷன் கொர்னேலியஸ் பாயில் கிடந்தான்; வாசலில் சவப்பெட்டிக்குப் பலகை அறைந்துகொண்டிருந்தார்கள். கொல்லைக்குப் போய்வருகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவள் இங்கே நுழைந்திருந்தாள்.

சிலுவைக்குக் கீழே இருந்தது அந்தப் பெட்டி. தங்கச் சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த மரப்பெட்டி, மேலே காசு போடுகிற அளவுக்கு ஒரு கீறல். வருஷம் முடிகிற வாரத்தில் சாம்பியன் ரீப்ஸ் லைன் கிறிஸ்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, உபதேசியார் மாணிக்கராஜ் பக்கத்தில் பாயில் முழங்காலிட்டு, தங்கள் கவலையை அவர் காதில் சொல்வார்கள். அவர் சீட்டில் எழுதி, மடித்து, பேர் போட்டு உள்ளே தள்ளுவார். புதுவருஷத்தன்று பெட்டியைத் திறக்காமலே வாசலில் வைத்துக் கொளுத்திவிடுவார். கவலையை ஆண்டவர் கையில் ஒப்படைத்தாயிற்று, இனி அது நம்முடையதில்லை என்பார்.

கொர்னேலியஸ் வருஷாவருஷம் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுகிற ஆள். இந்தத் தடவை இருமிக்கொண்டே கால்மணி நேரம் பேசினான். முறைப்படி மரியகுழந்தை வாசலிலேயே நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தபோது சுமை இறக்கியவன் முகமாக இருந்தது. அந்த முகம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன், அவளிடம் சொல்லாத எதை உபதேசியாரிடம் சொன்னான்? ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரிக்கரை ஊரான பேத்தமங்களாவுக்குப் போய்வந்தான். எதுக்கு என்றால் காத்துக்கு என்பான். நெஞ்சு முழுக்கச் சுரங்கத்துக் கல்தூளை வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறவன், காத்து வாங்க அவ்வளவு தூரம் போவானா? காலில் ஏரிச்சேறு ஒட்டிக்கொண்டு வரும். கழுவிவிட்டவள் அவள்தான்.

நேற்று மத்தியானம் மூச்சு நின்றதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. பெண்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். அழுதுவிடு, இல்லாவிட்டால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும் என்று பாப்பம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். யாருக்காக அழுகிறோம் என்று முதலில் தெரியட்டும் என்று மரியகுழந்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூடி பெரிய சத்தமில்லாமல் பெயர்ந்தது. சீட்டுகள் தரையில் கொட்டின. முப்பது வயசுக்குமேல் ஞாயிறு வகுப்பில் கற்ற எழுத்து. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு வாயால் கூட்டினால்தான் அவளுக்கு வார்த்தையாகும். ஏழாவது சீட்டில் அவன் பேர் கிடைத்தது. பிரித்தாள்.

கர்த்தர் அறிவார்.

அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. கால்மணி நேரம் பேசியதற்கு இதுவா? பாப்பம்மா சீட்டைப் பிரித்தாள். கர்த்தர் அறிவார். தன் சீட்டைத் தேடி எடுத்தாள். அதிலும் அதேதான்.

வாசலில் நிழல் விழுந்தது. சவப்பெட்டிமேல் போர்த்தக் கறுப்புத் துணி எடுக்க உபதேசியார் வந்திருந்தார். உடைந்த மூடியையும் கத்தியையும் பார்த்தார். திட்டவில்லை.

“இன்னா எழுதி வெச்சிக்கீறீங்க ஐயா? எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான?”

அவர் தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். முதல் ரெண்டு வருஷம் சொல்லுக்குச் சொல் எழுதத்தான் செய்தார். மூன்றாம் வருஷம், கொளுத்துவதற்கு முந்தின நாள், ஒரு கங்காணி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். சுரங்கத்திலிருந்து திருடி அடுப்புக்கடியில் புதைத்த தங்கக்கல் சில பேருக்குக் கவலையாக இருந்திருக்கிறது. மறுநாள் மூன்று வீட்டைத் தோண்டிப்போட்டார்கள். ஒரு குடும்பம் லைனைவிட்டே போயிற்று. அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதுவதில்லை.

“எழுதலன்னா போவுது. காதால கேட்டீங்க இல்ல? அவரு இன்னா சொன்னாரு?”

“கேக்கல.”

“வாசல்ல நின்னுக்கினு பாத்தேங்க ஐயா. அம்மாம் நேரம் பேசுனாரு.”

“பேசுனான். எந்தப் பக்கம் உக்காந்து பேசுனான், அதப் பாத்தியா?”

இடது பக்கம். எல்லாரும் அந்தப் பக்கம்தான். பாய் அங்கேதான் கிடக்கும். உபதேசியார் முன்னே சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலையில் இருந்தவர். ஒருநாள் நேரத்துக்கு முன்னே வெடித்த வெடியில் காது போயிற்று. உபதேசியாருக்கு ஒரு காது கேட்காது என்பது லைனில் குழந்தைக்கும் தெரியும். எந்தக் காது என்று யாரும் கேட்டதில்லை.

“அந்த மூணு வூட்டைத் தோண்டினதுக்கு அப்புறம் பாயை இந்தப் பக்கம் மாத்திப் போட்டேன்” என்றார். “எனக்குத் தெரிஞ்சா, எவனாவது வந்து கேப்பான். நானும் மனுசன்தான்.”

“அப்ப எங்க கவலையெல்லாம் யாருதான் கேட்டது?”

“அதான் எழுதிக்கீதே.”

அவர் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். மரியகுழந்தை நம்பவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டான். செத்தவன் மானத்தைக் காப்பாற்ற ஜெபவீட்டிலேயே பொய் சொல்கிறார் என்று நினைத்தாள். நகர்ந்து பாய்க்கு வந்தாள். இடது பக்கம் மண்டியிட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தணிந்த குரலில், “உபதேசியாரே, நீ பெரிய புளுகன்யா” என்றாள்.

சீட்டு பொறுக்கிய கை அப்படியே பொறுக்கியது. வேகமும் கூடவில்லை, நிதானமும் கூடவில்லை. கேட்காததால் அப்படியா, இத்தனை வருஷப் பழக்கத்தால் அப்படியா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம் என்று, “பேத்தமங்களா ஏரிக்கரையில அந்தாளு...” என்று ஆரம்பித்தாள்.

அதற்குமேல் வந்தது சோதிக்கச் சொன்னது இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் வருகிறவரை அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தது, சேற்றுக்காலைக் கழுவும்போது கேட்க நினைத்து விழுங்கியது, போன வாரம் அவன் கடைசியாகக் கஞ்சி வேண்டும் என்றபோது கோபத்தில் ஆறிப்போன கஞ்சியை நீட்டியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நடுவில் அவள் குரல் உடைந்தது. உடைந்தபடியே பேசினாள்.

வெளியே ஆணி அறைகிற சத்தம் நின்றிருந்தது. பாப்பம்மா மூச்சு வாங்க வாசலுக்கு வந்து, “மரியா, மூடப் போறாங்க, மூஞ்சி பாக்க வா” என்று கூப்பிட்டாள்.

உபதேசியார் திரும்பவில்லை. பொறுக்கிய சீட்டுகளை மடியில் வைத்துவிட்டு, வாசல் பக்கமாக வலது கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று பாப்பம்மாவுக்குக் காட்டினார்.