பேக்கரிக்காரர் எடுத்த வகுப்பு

“இடது பக்கம் தூக்குங்கய்யா, இடது பக்கம்!” என்று தையல்காரர் கத்தினார். கட்டிலின் கால் கதவு நிலையில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது.

“உங்க இடதா மாமா, எங்க இடதா?” என்றார் மறுபக்கம் பிடித்திருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர். கூடப் பிடித்திருந்த பேக்கரிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாதாரணமாகவே பேசமாட்டார், அன்றைக்கு இன்னும் மோசம். முகம் வெளிறிப் போயிருந்தது.

கூடத்தில் தலையணைகளுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்திருந்த தையல்காரரின் மனைவி, கஷ்டப்பட்டு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: “என்னங்க. தூக்குறது அவங்க. நீங்க எதுக்கு நடுவுல? விடுங்க, அவங்களே கண்டுபிடிப்பாங்க.”

“நிலை பேந்துடும்மா!”

“பேந்தா பேரட்டும்.”

அவர்கள் கண்டுபிடித்தார்கள். கட்டிலைச் சாய்த்து, திருப்பி, பின்னுக்கு இழுத்து, எப்படியோ கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நிலையில் ஒரு கீறல் விழுந்ததோடு சரி. தையல்காரர் அந்தக் கீறலைக் கையால் தடவிப் பார்த்து முணுமுணுத்தார்.

நேற்று வந்த டாக்டர் அவரைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய், இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். “அவங்களுக்கு என்ன பிடிக்குதோ செய்ய விடுங்க.” மகன் புறப்பட்டுவிட்டான், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான். அதுவரை என்ன பிடிக்கும் என்று இவர் கேட்டதற்கு, மனைவி யோசிக்கவே இல்லை. பேக்கரிக்காரர் வகுப்பு எடுக்க வேண்டும், தான் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், ஆசைப்படுவது ஒரு வகுப்புக்கு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது என்று தையல்காரருக்கு ஒரு பக்கம் எரிச்சலாக இருந்தது. இன்னொரு பக்கம், இவள் வேறெதையாவது கேட்டிருந்தால்தான் பயந்து போயிருப்போம் என்றும் தோன்றியது.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் கேட்கும்போதெல்லாம் அவர் சலிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார். “பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறா.” கேட்டவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே இவர் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார். விஷயம் என்னவோ நேரானதுதான். சாரணர் இயக்கத்தில் பிள்ளைகளுக்குக் கூடாரம் அடிக்கவும் முடிச்சுப் போடவும் கற்றுத்தரும் தலைவர்கள் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பயிற்றுநர்கள் வேண்டும். எல்லோரும் சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டு விடுமுறை நாட்களில் வருகிற தொண்டர்கள். அவர்களைப் பயிற்றுநர்களாக ஆக்கி அனுப்புவது, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற இவளுடைய பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருவர் வகுப்பு எடுக்கும்போது பார்க்கிறவர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறலாம், மறக்கலாம், தப்பாகக்கூடச் சொல்லலாம். எடுத்துக் கொடுக்கக் கூடாது. யாராவது எடுத்துக் கொடுத்தால் அந்த வகுப்பு செல்லாது, இன்னொரு நாள் முதலிலிருந்து எடுக்க வேண்டும். வாய்க்கு முன்னால் கைதான் எழும்பும் என்று, பார்க்கிறவர்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி, வக்கீலாக இருந்தாலும் சரி, கைமேல் உட்கார்ந்தாக வேண்டும்.

“நாம எடுத்துக் குடுத்தா, அவங்க போய் அவங்க ஆளுங்களுக்கு எடுத்துக் குடுப்பாங்க. அந்த ஆளுங்க பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுப்பாங்க. கடைசியில ஒரு பிள்ளையும் தானா ஒரு முடிச்சுப் போடாது” என்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் படுத்த புதிதில் தையல்காரர் முதன்முறையாகச் சமையலறைக்குள் நுழைந்து, குழம்பில் உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டார். அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தாள். “பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, சொல்லக்கூடாதா?” என்று அவர் கத்தியதற்கு, “இனிமே மறக்கமாட்டீங்க” என்றாள். மறக்கவுமில்லை.

பேக்கரிக்காரருக்கு இது மூன்றாவது வாய்ப்பு. இவ்வளவு கூச்சப்படுகிற ஆள் பயிற்றுநராக லாயக்கில்லை என்று மேலே இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இவள்தான் விடவில்லை. முதல் தடவை, முகாமில், அவர் பாதியில் உறைந்துபோய் நிற்க, நண்பனாயிற்றே என்று கூடப் பயிற்சிக்கு வந்திருந்த ஓட்டுநர் மெதுவாக எடுத்துக் கொடுத்துவிட்டார். செல்லாது. இரண்டாவது தடவை இதே கூடத்தில். தட்டில் டீயோடு உள்ளே வந்த தையல்காரர், அந்த மனுஷன் வியர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்து மனசு பொறுக்காமல், “கூப்பிட்டா கேக்குற தூரத்துலதான் நிக்கணும், சொல்லு தம்பி!” என்று போட்டு உடைத்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டே அவருக்கு எல்லாப் பாடமும் மனப்பாடம். செல்லாது. அன்றைக்கு முழுவதும் மனைவி அவரோடு பேசவில்லை.

இந்தத் தடவையும் தவறினால் அடுத்த பயிற்சி வரை காத்திருக்க வேண்டும். அப்போது பார்க்க இவள் இருக்கமாட்டாள். கட்டிலைத் தூக்கி வந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“என்னங்க, அந்த ஸ்கார்ஃபை எடுங்க.”

“படுத்திருக்கிறவளுக்கு ஸ்கார்ஃப் எதுக்கு? கழுத்தை இறுக்கும்.”

“எடுங்கன்னா.”

சாரணர் சீருடைக்காக அவரே தைத்த ஸ்கார்ஃப்தான். கழுத்தில் சுற்றிவிட்டு, மடிப்பை நீவி, அவளைத் தலையணையில் உயர்த்திச் சாய்த்தார். கையில் கனமே இல்லை. துவைத்த துணியைத் தூக்குவது போல இருந்தது. அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டார். காலையிலிருந்தே அவள் மூச்சில் ஒரு கரகரப்பு. வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மருந்துக்கடைக்காரம்மா வந்து சேர்ந்தார். அவர் ஏற்கெனவே பயிற்றுநர், கூட இருந்து பார்க்க வேண்டியவர். வந்ததும் கட்டிலில் இருந்தவளின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், தையல்காரரின் கண்ணைப் பார்க்காமல் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“ஆரம்பிங்க தம்பி” என்றாள் கட்டிலில் இருந்தவள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “நீங்களும் உக்காருங்க. கை?” என்றாள்.

“வச்சுட்டேன்டி, வச்சுட்டேன்.”

அவள் சிரித்தாள். போர்வைக்குள் தன் கைகளையும் மெதுவாக நகர்த்தி அடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினாள். எப்போதுமே கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் அவள் வழக்கம். ஆபரேட்டராக இருந்த காலத்துப் பழக்கம்.

பேக்கரிக்காரர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார். பிள்ளைகள் கூடாரம் அடிக்கும்போது தலைவர் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் பாடம். பலகையில் கோணலாக ஒரு கூடாரம் வரைந்தார். குரல் நடுங்கினாலும் வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பக்கத்திலேயே நின்றால் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள் என்றார். ரொம்பத் தள்ளிப் போனால் பயந்துவிடுவார்கள் என்றார். பரவாயில்லையே என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

“அப்போ, தலைவர் எங்க நிக்கணும்னா...” என்ற பேக்கரிக்காரர் நின்றுவிட்டார்.

அதே இடம். அதே வியர்வை. ஓட்டுநர் தரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரம்மா கூரையைப் பார்த்தார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. தையல்காரரின் நாக்கு நுனியில் பதில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கரகரப்பு கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். கண்கள் மூடியபடியே இருந்தன. முகம் பலகைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஸ்கார்ஃபின் மடிப்பு அசைகிறதா என்று பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அது அசையவில்லை.

ஐயோ என்று அடிவயிற்றிலிருந்து எழும்பியது. பிறந்ததிலிருந்து வாயைக் கட்டத் தெரியாத மனுஷன். அளவு எடுக்கும்போதுகூட வாடிக்கையாளரின் தொப்பையைப் பற்றி ஏதாவது சொல்லாமல் விட்டதில்லை. இப்போது பக்கத்திலேயே பெண்டாட்டியின் உயிர் போய்விட்டது, வாயைத் திறந்து ஒரு சத்தம் போட வேண்டியதுதான், அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் பலகைக்குப் பக்கத்தில் அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தான். இவள் கடைசியாக ஆசைப்பட்டது பாதியில் நின்றுகொண்டிருந்தது. தையல்காரர் வாயை மூடிக்கொண்டார். கைகளின் மேல் உடம்பின் கனம் முழுவதையும் வைத்து அழுத்தி உட்கார்ந்தார்.

“மறந்துட்டேன்” என்றார் பேக்கரிக்காரர் திடீரென்று. “கொஞ்சம் இருங்க. என் பாஷையில சொல்றேன்.”

சாக்பீஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“அடுப்புல பன்னை வச்சுட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்து திறந்து பாத்தா, அது அப்படியே அமுங்கிப் போயிடும். ஆரம்பத்துல நானும் அப்படித்தான், ஆர்வக்கோளாறு. எத்தனை தட்டு வீணாப் போச்சு! அதுக்காகப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட முடியுமா? கருகிடும்ல? அதனால பக்கத்து மேஜையில நின்னு வேற வேலை பாப்பேன். மூக்கு மட்டும் அடுப்புக்கிட்ட இருக்கும்.” ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தலைவரும் அங்கதான் நிக்கணும். கையில வேற வேலை இருக்கணும். வாசனை தெரியுற தூரத்துல இருக்கணும்.”

அதன்பிறகு அவர் நிற்கவில்லை. ஓட்டுநரை எழுப்பிக் கூடாரம் அடிக்கச் சொன்னார். போர்வையும் இரண்டு நாற்காலிகளும்தான் கூடாரம். அது சரிந்து ஓட்டுநர் தலையில் விழுந்தபோது தானே கைமேல் உட்கார்ந்து காட்டினார். கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். இரண்டு இடத்தில் உளறினார், அவரே திருத்திக்கொண்டார். கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கியதைத் துடைக்கக் கையில்லாமல் தையல்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு வார்த்தை விடவில்லை. அதற்கு நடுவிலும், நல்லாத்தான் பண்றான், இவ சொன்னது சரிதான் என்று ஒரு நிறைவு. வலியில்லாமல், பிடித்ததைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். அவள் போன விதத்தில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

“அவ்வளவுதான்” என்றார் பேக்கரிக்காரர். முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்று வருஷமாகப் பழகியும் அவருடைய பல்வரிசையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. “அக்கா, எப்படி இருந்துச்சு?”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

“அக்கா பாதிதான் பாத்தா தம்பி” என்றார் தையல்காரர். “மீதிய நான் பாத்தேன். நல்லா எடுத்தே.”

மருந்துக்கடைக்காரம்மா எழுந்து ஓடிப்போய்க் கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் போர்வைக் கூடாரத்துக்குள்ளேயே முட்டிபோட்டபடி இருந்தார்.

“எப்போ மாமா?” என்றார் பேக்கரிக்காரர்.

“நீ நடுவுல நின்னியே, அப்போ.”

“ஏன் மாமா, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா உன் வகுப்பு செல்லாமப் போயிடுமேப்பா.”

தையல்காரர் மனைவியின் முகத்தைத் தொடுவதற்காகக் கைகளை வெளியே இழுத்தார். அவை எழும்பவில்லை. இரண்டும் மரத்துப்போய், யாருடையவையோ போல மடியில் கிடந்தன. பேக்கரிக்காரர் தரையில் வந்து உட்கார்ந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, மாவு பிசைகிற கைகளால் மெதுவாகத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.