நாலாவது வரி

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூடிய சபைச் செயற்குழுவில் நான்கு பேர் இருந்தோம். போதகர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையின் தலைப்பக்கம். அவருக்கு வலப்பக்கம் தையல்கடைக்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார், கடையைப் பாதியில் விட்டு வந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. இடப்பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூட்டுவலியால் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் காலை நீட்டியிருந்தார். செயலாளராகிய நான் கதவோரம், கோப்பு அலமாரி கைக்கெட்டும் தூரத்தில். பொருளாளர் வரவில்லை, அவர் மகளுக்குப் பிரசவ நேரம்.

எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று: என் அண்ணன்.

அண்ணன் இருப்பது எட்டு மணி நேரப் பயணத்தில் வேறோர் ஊர். வயிற்றில் கட்டி. செவ்வாய்க்கிழமை காலை அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார்; தள்ளிப்போட்டால் கட்டி குடலை அடைத்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அண்ணன் மறுக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. அவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று அதில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்தபின் கண் விழிக்காமலே போய்விட்டால் தான் போய்ச் சேரும் இடம் எது என்று, அந்தக் கடிதம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே எழுத்தில் தெரியவேண்டும் என்கிறார். அதுவரை பேனாவைத் தொடமாட்டாராம்.

அன்று காலையில்தான் அண்ணி தொலைபேசியில் இதைச் சொன்னார்.

"போன்லயே ரெண்டு வார்த்தை சொல்லிடறேன் அண்ணி, அவர்கிட்ட குடுங்க" என்றேன்.

"குடுத்துப் பார்த்துட்டேன் தம்பி. வாங்கவே மாட்டேங்கறார். எழுதி அடிச்சவங்க எழுதியே தரட்டும்ங்கறார். அந்தக் கடுதாசியத் தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்கார்."

"இன்னுமா வெச்சிருக்கார்?"

"எனக்கே முந்தாநாள்தான் தெரியும். நானும் படிக்கல, விட மாட்டேங்கறார். அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை என்கூட இங்க ஆராதனைக்கு வரார் தம்பி. கடைசி பெஞ்ச். ஆனா திருவிருந்துக்கு மட்டும் எழுந்திருக்க மாட்டார். கால் வலி, செருப்பு கடிக்குது, இப்படி ஏதாவது சொல்வார். நானும் நம்பிட்டிருந்தேன்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னொண்ணு. பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்னு ஆறுதலுக்கு எழுதிடாதீங்க. உங்க எழுத்து அவருக்குத் தெரியும். ஒப்புக்கு எழுதினா கண்டுபிடிச்சுடுவார்."

இதையெல்லாம் குழுவில் ஒன்றுவிடாமல் சொன்னேன். கூரியர் வண்டி மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும், அதைப் பிடித்தால் திங்கள் காலை அங்கே சேரும், ஞாயிறு வண்டி இல்லை என்பதையும் சொன்னேன். ஒன்றே ஒன்றைத்தான் சொல்லவில்லை.

முதலில் வாய் திறந்தவர் தையல்காரர். "ஆபரேஷன் பண்ணாட்டியும் சாவு வரத்தானே போகுது? அப்ப மட்டும் எங்க போவார்னு தெரிஞ்சிடுமா?"

"பயந்தவங்ககிட்ட கணக்கு பேசாதீங்க" என்றார் டீச்சர். "அந்த மாதிரி நேரத்துல எனக்கே கணக்கு வராது. எழுதிப் போடுங்க ஐயா. ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் இரட்சிக்கப்பட்டவன்தான். பதினேழு வயசுல ஞானஸ்நானம் வாங்கினான், நான் பார்த்தேன். பிள்ளைன்னு சேர்த்துக்கிட்டவர் பாதியில பிள்ளை இல்லேன்னு சொல்லுவாரா?"

"அவர் சொல்ல மாட்டார் டீச்சர். பிள்ளை சொல்லலாம் இல்ல?" தையல்காரர் நாடாவைக் கழற்றிச் சுருட்டினார். "நான் தைச்சுக் குடுக்கறேன். கொண்டுபோன மனுஷன் கிழிச்சுப் போட்டா அது என் குத்தமா?"

"நீங்க தைக்கறது கிழிக்கவே வேண்டாம், ரெண்டு துவைப்புல தானா பிரிஞ்சுடும்."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தையல்காரர் விடவில்லை. விழுந்துபோகாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று வேதத்தில் அத்தனை இடத்தில் இருக்கிறதே, விழவே முடியாதவனை எதற்கு எச்சரிக்க வேண்டும் என்றார். கீழே விழாமல் தாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது என்றார் டீச்சர். விழுந்தவன் முதலிலேயே மெய்யாக நம்பாதவனாக இருக்கலாம் என்று போதகர் மெதுவாக ஒரு மூன்றாவது வழியை வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். அப்படியானால் யார்தான் நிம்மதியாகத் தூங்க முடியும், இன்றைக்கு நம்புகிறேன் என்கிற நான் மெய்யாக நம்புகிறேனா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டார்.

மேசைமேல் நான்கு தேநீரும் ஆறிக் கிடந்தன. மணி மூன்றேகால்.

"திருச்சபைத் தலைமைக்கு எழுதிக் கேட்டுடலாமே" என்றார் போதகர். அவர் இந்தச் சபைக்கு வந்து நாலு வருஷம்தான். சபையின் பெயர் அச்சிட்ட தாளில் தப்பாக ஒன்று போய்விடக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

"பதில் வர மூணு வாரம் ஆகும் ஐயா" என்றேன். "செவ்வாய்க்கிழமை."

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் டீச்சர். "மூணு வருஷம் திருவிருந்துக்கு வராதவங்களுக்கு வழக்கமா அனுப்பற கடிதம்தானே அது? மூணு வரி. இத்தனை நாளா தாங்கள் வரவில்லை, பட்டியலிலிருந்து பேர் எடுக்கப்படுகிறது, திரும்பி வந்தால் போதகரைப் பாருங்கள். அதுக்கா இந்தப் பயம்? நகலை எடுங்க தம்பி, பார்ப்போம்."

சபையிலிருந்து போகும் எந்தக் கடிதத்துக்கும் அடியில் கார்பன் வைத்து நகல் எடுப்பது என் வழக்கம். அனுப்பும் பதிவேட்டில் எண் இடுவேன். நகலில் துளையிட்டு எண் வரிசையில் கோர்ப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். அலுவலகத்திலும் எனக்குத் தபால் பிரிவுதான். பள்ளிக்கூடத்திலேயே யார் யாரிடம் பென்சில் இரவல் வாங்கினார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்தவன் என்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் குமாஸ்தா.

எழுந்து அந்த வருஷத்துக் கோப்பை எடுத்தேன். பக்கங்களைப் புரட்டுவதுபோல் புரட்டினேன். தேடவேண்டிய அவசியம் எனக்கில்லை. டீச்சர் கோப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாப்பத்தாறு. நாப்பத்தெட்டு. நடுவுல எங்க?"

"கரையான் ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

"இவர் ஃபைல்லயா?" என்றார் தையல்காரர். "கரையான் வரணும்னாலும் விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டுத்தான் வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் போதகர் கவனித்துவிட்டார்.

"என்ன விஷயம் சொல்லுங்க" என்றார்.

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் வேலைக்குப் போன ஊரில் முதலில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றார். பிறகு அன்று ஒருநாள்தான் தூங்க முடிகிறது என்றார். பிறகு, "எனக்கு அதுல ஒண்ணும் இல்லைடா குமாஸ்தா" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று, குழியருகில் ஜெபம் ஆரம்பித்ததும் அண்ணன் திரும்பி நடந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் போய் நின்று சிகரெட் பற்றவைத்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வாரமே மூன்று வருஷப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். அப்போதைய போதகர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். மூன்றாவது வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தது. தாளை மறுபடி இயந்திரத்தில் ஏற்றி நாலாவது வரி ஒன்று அடித்தேன்.

"என்னன்னு?" என்றார் டீச்சர். நீட்டிய காலை இறக்கிவிட்டிருந்தார்.

"இங்கே நீக்கப்பட்ட பெயர் பரலோகத்திலும் நீக்கப்பட்டதாக அறிந்துகொள்ளவும்."

டீச்சர் கோப்பை மெதுவாக மூடினார்.

"நகல்ல அந்த வரி இல்ல" என்றேன். "அனுப்பின கடிதத்துல இருக்கற வரி நகல்ல இல்லாம இருக்கக்கூடாதுன்னு நகலைக் கிழிச்சுட்டேன்."

தையல்காரர் ஏதாவது சொல்வார், சொன்னால் என் பக்கம்தான் சொல்வார் என்று நினைத்தேன். இரட்சிக்கப்பட்டவனும் விழுந்துபோக முடியும் என்று முப்பது வருஷமாக வாதாடுகிறவர் அவர். அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துடாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றார் கடைசியில். "எனக்கே தினம் சொல்லிக்குவேன். நீ விழுந்துட்டேன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அதைச் சொல்ல நான் யாரு? அதுவும் சபை முத்திரை போட்டு."

"தப்பு" என்றேன்.

"தப்புதான். நீங்க இந்தப் பதினோரு வருஷமும் திருவிருந்து எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அவர் எடுக்கல" என்றார்.

காலையில் அண்ணி அந்தக் கடைசி பெஞ்சைப் பற்றிச் சொன்னதிலிருந்து ஏதோ ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. அது என்ன என்று இப்போதுதான் பிடிபட்டது. அண்ணன் தொலைந்துபோனாரா என்று நால்வரும் ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. ஒவ்வொரு முறையும் சுத்தமாக உடுத்திக்கொண்டு, முதல் வரிசையில் போய், கையை நீட்டித் திருவிருந்து அப்பத்தை வாங்கியிருக்கிறேன். அந்தக் கையால்தான் அந்த வரியை அடித்தேன்.

போதகர் ஒரு தாளை எடுத்தார். அவர் குரலில் தயக்கம் போயிருந்தது. "இரட்சிப்பை இழந்துபோக முடியுமா முடியாதான்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நாம தீர்க்கப் போறதில்ல. அந்த நாலாவது வரி இந்தச் சபை எழுதினதில்ல, எழுத இந்தச் சபைக்கு அதிகாரமும் இல்ல. இதை மட்டும் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். மத்தது நீங்க எழுதணும். செயலாளரா இல்ல. தம்பியா."

மணி மூன்றே முக்கால்.

முதலில் எழுதியதில் இரண்டு பக்கத்து வாதங்களும் எண்ணிட்டு வரிசையாக இருந்தன. டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு, "இது பரீட்சைத்தாள். மார்க் போடலாம், கையெழுத்து வாங்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்ததில், நீ இரட்சிக்கப்பட்டவன்தான், சந்தேகமே வேண்டாம் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அது அண்ணி சொன்ன ஒப்புக்கு எழுதும் கடிதமாகவே இருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் முத்திரையடித்துச் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது. அதையும் கிழித்தேன். நாலேகால் ஆகிவிட்டது.

மூன்றாவது இது:

"அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடம் இருக்கும் கடிதத்தில் நாலு வரி இருக்கிறது. முதல் மூன்றுதான் சபை எழுதியது. நாலாவது நான் எழுதியது. போதகரிடம் கையெழுத்து வாங்கியபிறகு, அவருக்குத் தெரியாமல். அப்பாவின் குழியருகே நீ திரும்பிப் போனதில் வந்த கோபம். அதைக் கடவுள் சொன்னதுபோல் எழுதிவிட்டேன். அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பெற்ற இரட்சிப்பை ஒருவன் இழந்துபோக முடியுமா என்று எனக்குத் தெரியாது. இங்கே டீச்சர் முடியாது என்கிறார், தையல்காரர் முடியும் என்கிறார், இன்னும் சண்டை ஓயவில்லை. நீ இழந்துவிட்டாய் என்று அவர்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்ன ஒரே ஆள் நான். நான் பொய் சொன்னேன்.

அந்த வரியை நம்பித்தான் அஞ்சு வருஷமாக நீ பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றால், அந்த அஞ்சு வருஷத்துக்கும் பதில் சொல்லவேண்டியவன் நான். உன்னைப் போலவே எனக்கும் இப்போது பயமாக இருக்கிறது. தைரியம் சொல்லும் நிலையில் நான் இல்லை. கிருபை என்று ஒன்று இருந்தால் அது நம் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருக்கவேண்டும். எனக்கு மட்டும் என்று அதை நான் இனிக் கேட்கமாட்டேன்.

இதை நீ படித்தபிறகுதான் உன் முகத்தில் விழிக்க முடியும்; திங்கட்கிழமை காலையில் கிளம்பி ராத்திரிக்குள் அங்கே வந்துவிடுவேன். என்னைத் திட்ட நினைத்தால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திட்டு. உனக்கு உடம்பு தேறியபிறகு மிச்சத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் குமாஸ்தா."

டீச்சர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இழந்துபோக முடியாதுன்னு நான் சொன்னதைக் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கலாம்" என்றார்.

"என்னை எதுக்கு இதுல இழுத்திருக்கீங்க?" என்றார் தையல்காரர். ஆனால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை.

போதகரின் தாளையும் என்னுடையதையும் சேர்த்து மடித்தேன். உறையின் ஓரத்தில் பசை காய்ந்துபோயிருந்தது. ஆறிய தேநீரில் விரலை நனைத்து ஈரமாக்கி ஒட்டினேன். தையல்காரர் சாவியோடு எழுந்து நின்றார்.

"வாங்க, வண்டியில விட்டுடறேன். நடந்தா பிடிக்க முடியாது."

கூரியர் கடையில் நாலு ஐம்பதுக்குப் போய் நின்றோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவர் உறையைத் தராசில் வைத்து, "முக்கியமான காகிதமா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"திங்கள் காலையில பத்து மணி ஆயிடும். ஆஸ்பத்திரி முகவரின்னா வார்டு நம்பர் வேணும்."

எழுதிக் கொடுத்தேன். முகவரியை அவர் ஒருதரம் சத்தமாக வாசித்துச் சரிபார்த்து, சீட்டு ஒட்டி, உறையைச் சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டினார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சாக்கைத் தூக்கி உள்ளே எறிந்ததும் அது புறப்பட்டது.