மாடி டிவியில் புகையான்

வலங்கைமான் கடைத்தெருவில் கமருன்னிஸாவின் தையல் கடை மாடியில். கீழே பஞ்சநதத்தின் உரக்கடை. கட்டடத்துக்கு இருந்தது ஒரே இன்டர்நெட் லைன். இரண்டு வருஷமாக இருவருக்கும் ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்டு.

அன்று கல்யாணப் பெண்ணொருத்தி அம்மாவோடு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். பானைக் கழுத்து, ஆரி வேலை என்று டிவியில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள் கமருன்னிஸா. திடீரென்று படம் மாறியது. நெல் தூரில் அப்பிக்கிடந்த பூச்சிகள் திரை முழுக்க ஊர்ந்தன. பெண் வீலென்று அலறினாள்.

அம்மாக்காரி மட்டும் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

“இது புகையான்ல? எங்க வயலும் இப்படித்தான் திட்டுத் திட்டாக் கருகுது!”

ஜாக்கெட்டை மறந்து உரக்கடைக்கு இறங்கி ஓடினாள்.

அரைமணி கழித்துப் பஞ்சநதம் தலையைச் சொறிந்துகொண்டு மேலே வந்தார்.

“போன்ல என்னத்தையோ அமுக்கிட்டேம்மா, படம் உங்க டிவிக்கு வந்துடுச்சு. அவங்களைத் தண்ணிய வடிக்கச் சொல்லியிருக்கேன், பயிர் தப்பிச்சுடும்.” சற்றுத் தயங்கினார். “இன்னொண்ணு. உங்க ஃபோல்டரு எங்க கம்ப்யூட்டர்ல தெரியுது. நான் தொறக்கல. ஆனா கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நம்ம வைஃபை பாஸ்வேர்டைத்தானே சொல்றேன்?”

கமருன்னிஸாவுக்குத் திக்கென்றது. அந்த ஃபோல்டரில் இருந்ததெல்லாம் வாடிக்கைப் பெண்களின் படங்களும் அளவுகளும்.

மறுநாளே தஞ்சாவூரிலிருந்து நெட்வொர்க் வேலை பார்க்கும் வானதியை வரவழைத்தாள்.

“புது லைன் இழுக்கணுமா?”

“வேண்டாங்க்கா. வெளியில லைன் ஒண்ணே இருக்கட்டும். உள்ள மூணாப் பிரிச்சிடலாம். உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு, வாடிக்கையாளருக்கு ஒண்ணு. ஒருத்தர் பொருள் இன்னொருத்தர் கண்ணுல படாது.”

புது ரவுட்டரை மாட்டி, மூன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு வைத்தாள். உடனே கீழிருந்து குரல் வந்தது.

“கம்ப்யூட்டர்ல என் பில் மெஷினக் காணோம்மா!”

அவசரத்தில் வானதி அதை வாடிக்கையாளர் பக்கம் சேர்த்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓடிப்போய் மாற்றிவிட்டு வந்தாள்.

கமருன்னிஸா படியில் நின்று கூப்பிட்டாள்.

“அண்ணே, இப்ப அந்தப் பூச்சிய அனுப்புங்க, பாப்போம்!”

“உங்க டிவி பேரே வரலம்மா.”

“இன்னொரு தடவ!”

மூன்று தடவை அமுக்கவைத்தாள். டிவியில் ஆரி வேலை அசையாமல் நின்றது. அவர் கம்ப்யூட்டரில் ஃபோல்டரும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து அஃப்ரீன் என்ற பெண் கூப்பிட்டாள். நிக்காஹ் உடைக்கு அளவும் படமும் அனுப்ப வேண்டும்.

“வேற யாரும் பாக்க மாட்டாங்களே, லாத்தா?”

“என் கடையத் தாண்டாதும்மா. தைரியமா அனுப்பு.”

கீழே பஞ்சநதம் யாரோ ஒரு விவசாயிக்கு, வாடிக்கையாளருக்கான புதுப் பாஸ்வேர்டைக் கடைத்தெருவுக்கே கேட்கும்படி எழுத்தெழுத்தாகக் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும் என்று அவள் நோட்டைத் திறந்து அஃப்ரீனின் பெயரை எழுதினாள்.