மாவு

வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் தங்கை. அண்ணன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி இழுத்தான். உள்ளே வெள்ளைத் துணிக்குள் அப்பா. சுடுகாட்டுக்கு ஏற்றியாகிவிட்டது, கதவைச் சாத்துவதுதான் பாக்கி. அவள் சாத்த விட்டால்தானே!

"கைய எடுடி!"

"ஒடிச்சுப் போட்டாலும் எடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு. அறுத்துப் பாக்காம எரிச்சா கேசும் சேர்ந்து எரிஞ்சிடும்னு வக்கீலம்மா எத்தனை தடவ சொன்னாங்க?"

பளாரென்று ஒன்று விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் முழங்காலில் ஓங்கி உதைத்தாள். தெருவே கூடி நின்றது. விலக்கிவிடத்தான் ஒரு நாதி இல்லை. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அப்பா வெள்ளைக்கல்லை அரைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். அரைத்து வரும் தூளுக்கு அங்கே மாவு என்று பேர். மாவு மிஷின், மாவு மூட்டை. முதலாளியே அப்படித்தான் சொல்வார். மூச்சு கெட்டு, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, கூண்டில் ஏறிய அன்று, "நெஞ்சுக்குள்ள என்ன போச்சு?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். பாவி மனுஷன், வாய்ப் பழக்கத்தில், "மாவுதாங்க" என்றார்.

"மாவு போனா பசிதானே அடங்கும்?"

கோர்ட்டே சிரித்தது. என்னவென்று புரியாமல் அப்பாவும் கூடச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கூண்டுக் கட்டையைப் பிடித்தபடியே சரிந்தார். எக்ஸ்ரேயில் தெரிவது பழைய காசநோய்த் தழும்பு என்று அதையும் வக்கீல் ஊதித் தள்ளிவிட்டார். இனி பேசுவதற்கு அந்த நுரையீரல் மட்டும்தான் மிச்சம். அதைப் போய் நெருப்பில் போடுவதா?

"உசுரோட இருந்தப்பவே குத்திக் குத்திக் கொன்னாங்க. செத்தும் ஆட்டக் கீறுற மாதிரி கீறணுமா? முழுசா அனுப்புவோம்டி அப்பாவ," என்ற அண்ணனின் குரல் உடைந்தது. அறையைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை.

அவன் வண்டியில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து அவள் விரல்கள் மேலேயே இறக்கினான். அலறிக்கொண்டே மறு கையால் கதவைப் பிடித்தாள். கம்பி மறுபடி உயர்ந்தது.

காலையிலிருந்து வாயே திறக்காத அம்மா வாசலிலிருந்து வந்தாள். கம்பியைப் பிடுங்கி, பெற்ற பிள்ளை என்றும் பாராமல் அவன் தோளில் ஒரு போடு போட்டாள். அவன் சுருண்டு உட்கார்ந்தான்.

"டிரைவர் தம்பி, ஆஸ்பத்திரிக்கு விடுப்பா."

பிணவறைக்கு வெளியே மூவரும் காத்திருந்தார்கள். தங்கையின் விரல்களில் கட்டு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கதவுக்கு உள்ளே திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. சோற்றில் கல் கடிபட்டது போல நறநறவென்று, விட்டு விட்டு.

"கத்தி எறங்க மாட்டேங்குது டாக்டர். ஒரே மணலா கெடக்கு," என்றது ஒரு குரல்.

"வேற பிளேடு மாத்துப்பா."

அண்ணன் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, அம்மாவின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்தினான். மறுபடி நறநறத்தது.

அம்மா அந்தக் கைகளை விலக்கிவிட்டு, நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.