கோல் வலைக்கு நாலு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு கோல் வலையில் தொங்கவிடும் அட்டைக்கு நாலு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கேட்டவர், மைதானங்களுக்குச் சாமான் கொடுக்கும் கொழும்பு வியாபாரி. இப்போது மைதானமெல்லாம் ‘பசுமை’யாக வேண்டுமாம். முல்லைத்தீவுக் கரையில் எரிக்கிற பழைய மீன்வலையில் பிறின்சி என்ற பெண் கோல் வலை கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு, ஆறு மைதானத்துக்கு வலை வாங்கும் ஓடர் பேச வந்திருந்தார். அது கிடைத்தால், கரையோரக் கொட்டிலான அவளுடைய வாடியில் முடிச்சுப் போட்டு வலை முடியும் ஐந்து பெண்களுக்கும் வருடம் முழுக்க வேலை.

2

முதல் வரைவு: ‘போர் எல்லாவற்றையும் பறித்த ஒரு பெண்ணின் துயரத்தில் முடியப்பட்ட இந்த வலை—’

[வாக்கியம் முடியவில்லை. வாசித்துக் காட்டியதும் பிறின்சி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.]

“துயரத்தில எங்க, அண்ணை, முடிஞ்சனான்? றேடியோ கேட்டுக்கொண்டெல்லோ முடிஞ்சனான்.”

“வியாபாரி அப்பிடித்தான் கேக்கிறார்.”

“வலைக்கண் நாலங்குலம் எண்டு எழுதுங்கோ. நூல் ரெட்டை. அறுந்தா நானே வந்து பொத்தித் தருவன்.”

எனக்குச் சுருக்கென்றது. அதை நல்ல வாக்கியம் என்று நினைத்திருந்தேன். இத்தனை மிடுக்கான பாத்திரத்தை வாசகர் நம்புவார்களா என்று பயந்து, இரண்டாம் வரைவில் அவளைக் கொஞ்சம் அழவைத்தேன். பிறகு வெட்கப்பட்டு அழித்தேன்.

3

ஞாயிறு பின்னேரம், ஊர் மைதானம். பிறின்சி வலையைக் கம்பத்தில் கட்டியிருந்தாள். மீன்பிடிக் குடும்பத்துக் கை அல்லவா, பின்னால் பை போல மடி விட்டுத் தொய்வாகக் கட்டிவிட்டாள்.

“தொங்குதே, பிழையா கட்டிட்டீங்க,” என்றார் வியாபாரி.

“அடிச்சுப் பாருங்கோ சேர்.”

சப்பாத்தோடு ஓங்கி உதைத்தார். பந்து மடிக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது.

(இறுக்கிக் கட்டிய வலையில் பந்து பட்டுத் தெறித்துவரும். பிறகு கோலா இல்லையா என்று ஊரே சண்டைபிடித்து அடிபடும். இப்போது அந்த வழக்கு இல்லை.)

4

“வலை சுப்பர். ஆனா அந்தச் சோக வரி இல்லாட்டி கொழும்பில மேல இருக்கிறவங்க எடுக்க மாட்டாங்க,” என்றார் வியாபாரி.

பிறின்சி கம்பத்தடிக்குப் போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“வலையைப் பாத்து வாங்குங்கோ சேர். என்னைப் பாத்து வாங்க வேண்டாம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

5

முடிவு அ: வியாபாரி மனம் மாறிக் கையெழுத்து— [சர்க்கரை கூடிவிட்டது.]

முடிவு ஆ: அவர் வாகனம் ஏறிப் போனார், கடல் மட்டும்— [கடலை இதில் இழுக்காதே.]

நடந்தது இவ்வளவுதான். நான் அங்கேயே புது அட்டை எழுதிக் கொடுத்தேன்:

கண் நாலங்குலம், இரட்டை நூல்.
பாவித்த மீன்வலையில் கட்டியது.
அறுந்தால் கட்டியவரே பொத்தித் தருவார்.
பிறின்சி, முல்லைத்தீவு.

வியாபாரி அதைத் தொலைபேசியில் கொழும்புக்கு வாசித்துக் காட்டுகிறார். ஓடரைத் தீர்மானிப்பவர் மறுமுனையில் பேசாமல் இருக்கிறார். அவருடைய இடத்தில் உங்களை வைத்திருக்கிறேன்.

பிறின்சி மூன்றாவது முடிச்சுக்கு வந்துவிட்டாள். எடுப்பதா வேண்டாமா, கெதியாகச் சொல்லுங்கள்.